நடந்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் "வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகள்" என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். யுவான் சுவாங், மார்க்கோ போலோ, இப்னு பதூதா என்று பெயர்கள் வரிசையாக வரும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எந்தப் பயணி எந்த அரசர் காலத்தில் வந்தார் என்று மனப்பாடம் செய்வார்கள். "மார்க்கோ போலோ எழுதுகிறார்", "இப்னு பதூதா எழுதுகிறார்" என்ற வாக்கியங்கள் அந்தப் பாடங்களில் சர்வசாதாரணம். ஆனால் இந்த மூவரில் ஒருவர்கூட, தன் பெயரில் வழங்கும் நூலைத் தானே தனியாக உட்கார்ந்து எழுதியவர் இல்லை. பயணி சொன்னார், வேறொருவர் எழுதினார். மூன்றில் இரண்டு நூல்கள் அரசர் கேட்டதால் பிறந்தவை. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு படித்தால் பழைய பயண நூல்கள் வேறு மாதிரியாகத் திறக்கின்றன. எதை நம்புவது, எங்கே நிறுத்தி யோசிப்பது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. மூன்றிலும் தமிழ் நிலத்துக்கு அதிகம் சொல்வது இப்னு பதூதாவின் நூல் என்பதால் அதை வைத்தே இதைப் பார்க்கலாம்.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-ல் பிறந்தவர் இப்னு பதூதா. குடும்பம் நீதிபதிகளான காஜிகளின் குடும்பம். 1325 ஜூனில், 21 வயதில், மக்காவுக்கு ஹஜ் செய்யக் கிளம்பினார். சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியது 1349-ல். அப்புறமும் கால் நிற்கவில்லை. ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போனார், சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். 1354-ல் மொராக்கோவின் ஃபெஸ் நகருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 50. மொத்தம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் பயணம் செய்திருப்பார் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ரயிலும் நீராவிக் கப்பலும் இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் போனதாகப் பதிவுள்ளவர்கள் மிகக் குறைவு.

ஃபெஸ் அரசவையில், மொராக்கோவை அப்போது ஆண்ட மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் இந்தக் கதைகளைக் கேட்டார், எழுத்தில் வரவேண்டும் என்று ஆணையிட்டார். எழுதும் வேலை இப்னு ஜுஸை என்ற இளம் அறிஞருக்குப் போனது. கிரனாடாவைச் சேர்ந்தவர், கவிஞர், அரசவை எழுத்தர். கிரனாடாவில் ஏற்கெனவே இப்னு பதூதாவைச் சந்தித்தவர். பயணி சொல்லச் சொல்ல வேலை நடந்து, 1355 டிசம்பரில் சொல்லி முடிந்தது. ஜுஸை அதை ஒழுங்குபடுத்தி அடுத்த சில மாதங்களுக்குள் நூலாக்கினார். கொஞ்ச காலத்திலேயே, நாற்பது வயதைத் தொடும் முன்பே, அவர் இறந்துபோனார். அரபு மரபில் பயண நூலுக்கு ரிஹ்லா என்று பெயர், இந்த நூலையும் சுருக்கமாக அப்படியே அழைக்கிறார்கள்.

இதில் ஜுஸையின் பங்கு வெறும் பிரதி எடுப்பது அல்ல. முன்னுரையிலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிறார்: ஷெய்க் (அதாவது இப்னு பதூதா) சொன்னவற்றின் கருத்தைத் தகுந்த சொற்களில் வடித்திருக்கிறேன், பல இடங்களில் அவர் சொற்களையே வைத்திருக்கிறேன், அவர் சொன்ன கதைகளின் உண்மையைச் சோதிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நூல் நெடுக நகரங்களைப் பற்றிய கவிதைகளைச் செருகுகிறார். "இப்னு ஜுஸை கூறுகிறேன்" என்று தானே இடையில் பேசுகிறார். எதுகை மோனையோடு அடுக்கிய அலங்கார உரைநடை வரும் இடங்கள் பெரும்பாலும் அவர் கை. நேரடியாக, கொஞ்சம் கரடுமுரடாக, பணக்கணக்கும் பயமும் கலந்து வரும் இடங்களில் பயணியின் குரல் கேட்கிறது.

சரி, 29 வருடக் கதையை ஒரு மனிதர் எப்படி நினைவிலிருந்து சொன்னார்? கையில் குறிப்புகள் இருந்தனவா? நூலிலேயே ஒரு தடயம் இருக்கிறது. புகாராவில் பெரியவர்களின் அடக்கத்தலங்களில் இருந்த வாசகங்களை நிறையப் பிரதி எடுத்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பறித்தபோது அதுவும் போய்விட்டதாகவும் சொல்கிறார். ஆக, அவர் குறிப்பு எடுக்கிற பழக்கம் உள்ளவர்தான், ஆனால் அந்தக் குறிப்புகள் தப்பவில்லை. 1340-களின் நடுப்பகுதி வரைக்குமான பயணம் ஏறக்குறைய முழுக்க நினைவிலிருந்து வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு, மாதம், வழித்தடம் எல்லாம் பல இடங்களில் இடிப்பதற்கு இதுதான் முதல் காரணம். வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தால், ஒரு குளிர்காலத்துக்குள் முடித்திருக்கவே முடியாத தூரங்கள் வருகின்றன. நான்கு தடவை வெவ்வேறு திசைகளிலிருந்து போன ஊர் நூலில் ஒரே தடவையாகச் சுருங்கியிருக்கலாம்.

இரண்டாவது காரணம், அந்த நூல் வகையின் மரபு. ரிஹ்லா என்பது வடஆப்பிரிக்கா, ஸ்பெயின் பகுதி முஸ்லிம் அறிஞர்கள் ஹஜ் பயணத்தையொட்டி எழுதிவந்த வடிவம். எந்த ஊரில் எந்த ஆசிரியரிடம் என்ன பாடம் கேட்டேன், யார் சான்று கொடுத்தார், எந்த மகானின் அடக்கத்தலத்தைக் கண்டேன் என்பதெல்லாம் அதன் உயிர். இன்றைய வாசகர் சலித்துப் பக்கத்தைத் தள்ளும் அந்த நீண்ட பெயர்ப் பட்டியல்கள்தான் அன்றைய வாசகருக்கு முக்கியம். அந்த வடிவத்துக்கு முன்மாதிரி, 1183 முதல் 1185 வரை பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூல். டமாஸ்கஸ், மக்கா, மதினா ஆகிய நகரங்களை வர்ணிக்கும் இடத்தில் இப்னு பதூதாவின் நூல் ஜுபைரிடமிருந்து பத்தி பத்தியாக எடுத்துக்கொள்கிறது. பாலஸ்தீனப் பகுதிகளில் பலவும் 13-ஆம் நூற்றாண்டுப் பயணி அல்-அப்தரியின் நூலிலிருந்து வந்தவை. அதாவது 1326-ன் டமாஸ்கஸ் என்று நாம் படிப்பதில் ஒரு பகுதி உண்மையில் 1184-ன் டமாஸ்கஸ்.

இன்றைய கண்ணுக்கு இது திருட்டு. அன்று அப்படிப் பார்க்கவில்லை. நல்ல வர்ணனை ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்து வைப்பது கற்றவரின் கடமை என்று நினைத்த எழுத்து மரபு அது. குறிப்புகள் தொலைந்த ஒருவரிடம் முப்பது வருடம் முன்பு பார்த்த மசூதியின் தூண்களை எண்ணச் சொன்னால் என்ன செய்வார்? எழுத்தர் ஜுபைரின் பிரதியை எடுத்து முன்னால் வைத்திருப்பார். இருவரும் பேசி வைத்து இதைச் செய்தார்களா, ஜுஸை தானாகச் செய்தாரா என்பதை நூலை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

இதற்கு அடுத்த படி கடன் வாங்கியது அல்ல, நடக்காதது. டமாஸ்கஸில் இப்னு தைமிய்யா என்ற புகழ்பெற்ற மார்க்க அறிஞர் மிம்பரில், அதாவது மசூதியின் உரைமேடையில், நின்று உரையாற்றியதைத் தான் நேரில் கேட்டதாக இப்னு பதூதா சொல்கிறார். இறைவன் இறங்கி வருவது இப்படித்தான் என்று சொல்லி அவர் ஒரு படி இறங்கிக் காட்டினாராம். நாடகம் போன்ற காட்சி. ஆனால் பயணி 1326 ஆகஸ்டில்தான் டமாஸ்கஸ் வந்தார், இப்னு தைமிய்யாவை அதற்குச் சில வாரங்கள் முன்பே கோட்டைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் பேசிக்கொண்ட கதையைத் தன் கண்ணால் கண்டதாக மாற்றியிருக்கிறார் என்பதே பொருத்தமான விளக்கம். வோல்கா ஆற்றங்கரையிலிருந்து வடக்கே பல்கார் நகருக்குப் போய் வந்ததாகச் சொல்லும் பயணமும் இப்படித்தான். சொல்லும் நாள் கணக்குக்குள் அந்தத் தூரம் அடங்கவே அடங்காது. சீனாவில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு நூலையே ஒதுக்கியவர்கள் உண்டு. அது அவசரம் என்பது என் எண்ணம். ஏனென்றால் நூல் இந்தியாவுக்குள் வந்ததும் குரல் மாறிவிடுகிறது. பிரதி எடுக்க அவருக்கு முன் அரபு ரிஹ்லா எதுவும் அந்தப் பாதையில் இல்லை. வடஆப்பிரிக்கா, ஸ்பெயின் பக்கத்திலிருந்து டில்லி வழியாகக் கோழிக்கோடு, மாலத்தீவு, இலங்கை, மதுரை என்று போய் எழுதி வைத்த ஹஜ் பயணி யாரும் கிடையாது. இங்கே அவர் தன் நினைவையே நம்ப வேண்டியிருந்தது, அந்த நினைவு அவருடைய சொந்தப் பணமும் உயிரும் சிக்கிய நினைவு.

1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார். முகமது பின் துக்ளக் அவரை டில்லியில் காஜியாக வைத்தார், ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளம். அது போதவில்லை. வியாபாரிகளிடம் 55,000 தினார் கடன் ஏறி, அதைச் சுல்தானையே அடைக்க வைத்தார். துக்ளக்கின் தாராளத்தையும் கொலைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: சுல்தானின் வாசலில் பரிசு பெற்றுப் பணக்காரனாகும் ஏழையும் இருப்பான், கொல்லப்பட்டுக் கிடக்கும் ஒருவனும் இருப்பான் என்பது அவர் கணிப்பு. சந்தேகத்துக்கு ஆளான ஒரு சூஃபியைப் போய்ப் பார்த்த காரணத்துக்காக அவர் தலையே ஆடியது. அப்புறம் 1341-ல் சீனப் பேரரசரிடம் தூதராகப் போக அழைப்பு வந்தது. வழியிலேயே கொள்ளை. கோழிக்கோட்டில் பெருங்கப்பல்கள் கிளம்பத் தயாராக நின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக இவர் கரையில் தங்கினார். புயல் வந்து பரிசுப் பொருள் ஏற்றிய கப்பலை உடைத்தது. இவருடைய உடைமைகளும் ஆட்களும் இருந்த இன்னொரு கப்பல் பாய் விரித்துப் போய்விட்டது. கையில் 10 தினாரும் படுத்துக்கொள்ள ஒரு விரிப்பும் மட்டும் மிஞ்சின. டில்லிக்குத் திரும்பினால் தூதைக் கைவிட்டதற்குத் தண்டனை நிச்சயம் என்ற பயம். மாலத்தீவில் காஜி பதவியும் திருமண உறவுகளும் அரசியல் பகையுமாகக் கொஞ்ச காலம் ஓடி, 1344-ல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று.

அங்கிருந்து இலங்கை. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். யாழ்ப்பாண அரசின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் இந்தப் பக்கங்களை நாடுகிறார்கள், காரணம் அந்த அரசரை நேரில் பார்த்த வெளியாளின் சாட்சியம் இது. அரசருக்குப் பாரசீக மொழி புரிந்தது, முத்துகளைக் காட்டினார், கடலில் நிறையக் கப்பல் வைத்திருந்தார் என்கிறார் இப்னு பதூதா. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, பாவாதமலையின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்கிறார் இவர். அரசர் பல்லக்கும் ஆட்களும் துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் தந்து அனுப்புகிறார். சிவனொளிபாதம் என்று நாம் சொல்லும் அதே மலை. அங்கே செங்குத்தான பாறையில் ஏறுவதற்குத் தொங்கவிட்ட இரும்புச் சங்கிலிகளை அவர் சொல்கிறார். தென்கோடியில் தேவந்துறைக் கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகிகளும் இருந்ததாகவும், 500 பெண்கள் இரவில் ஆடிப் பாடியதாகவும் குறிப்பிடுகிறார். 1588-ல் போர்த்துக்கீசியர் இடித்துப் போட்ட அந்தக் கோயிலை முழு வாழ்வோடு பார்த்துச் சொன்ன சாட்சியம் இது.

புத்தளத்திலிருந்து கப்பல் ஏறினார். அரபு மாலுமிகள் மாபார் என்று அழைத்த நம் கிழக்குக் கரையை நெருங்கும்போது புயலில் கப்பல் தட்டி உடைந்தது. பெண்களையும் தோழர்களையும் மிதவையில் அனுப்பிவிட்டு, இவர் உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவெல்லாம் இருந்தார். விடிந்ததும் ஊர்க்காரர்கள் படகில் வந்து மீட்டுக் கரை சேர்த்தார்கள். அப்போது மதுரையில் ஆட்சி செய்தவர் சுல்தான் கியாசுத்தீன் தம்கானி. இவருக்கு உறவு. டில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணும் தம்கானியின் மனைவியும் சகோதரிகள். அவர்களுடைய தகப்பன் ஜலாலுத்தீன் அஹ்சான் ஷா, டில்லி சுல்தானின் கீழ் மாபார் பகுதியின் ஆளுநராக இருந்து 1335 வாக்கில் தனியாகப் பிரிந்து மதுரை சுல்தான் ஆட்சியைத் தொடங்கியவர்.

இந்த உறவுமுறையை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பக்கங்களைப் படிக்க வேண்டும். இப்னு பதூதா இங்கே வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. சுல்தானின் பாளையத்தில் உட்கார்ந்து, மாலத்தீவின் மீது படையெடுக்கும் திட்டத்தைப் பேசுகிறார். அங்கே இவரை எதிர்த்தவர்களைப் பழிதீர்க்கும் எண்ணம் அதில் இருந்தது. கப்பல் போக மூன்று மாதமாகும் என்று கடற்படைத் தலைவர் சொன்னதால்தான் அது உடனே நடக்கவில்லை. அப்படிச் சுல்தானின் பக்கம் நின்ற மனிதர், அதே சுல்தானின் செயல்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

படை காட்டு வழியே போகும்போது பிடிபட்ட இந்துக்களைத் தாங்களே கூர்மரங்களைத் தோளில் சுமந்து வரச் செய்தார்கள். மறுநாள் காலை பாளையத்தின் நான்கு வாசல்களிலும் அவர்களை அந்த மரங்களிலேயே கழுவேற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அங்கேயே கொன்றார்கள். வேறொரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதரையும் அவர் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து வெட்டச் சொன்னார் சுல்தான். தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்ததாகவும் இப்னு பதூதா சொல்கிறார். வேறு எந்த அரசரிடமும் காணாத கொடுமை இது, இதனால்தான் இறைவன் இவருடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்பது அவர் தீர்ப்பு. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், எண்பது வயதில், போரில் சிக்கியது இவர் வருவதற்கு முன்பே நடந்தது. விடுதலை செய்வதாக ஆசை காட்டி யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதில் மேல் தொங்கவிட்டார்கள். அது தொங்குவதைத் தானே பார்த்ததாக இப்னு பதூதா சொல்கிறார்.

இதை எப்படிச் சரிபார்ப்பது? மதுரை சுல்தான்களின் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, அவர் சொல்லும் அரசர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. இன்னொரு சாட்சியம் முற்றிலும் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றதை, அவருடைய மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் 'மதுரா விஜயம்' என்ற காவியமாகப் பாடினார். அதன் சுவடி 1916-ல் திருவனந்தபுரத்தில்தான் கிடைத்தது. தென்னந்தோப்புகளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மனித மண்டையோடுகள் தொங்கும் கழுமுனைகளை வரிசையாக நட்டிருந்ததாக அதில் ஒரு பாடல் வருகிறது. காவியம் வெற்றி பெற்றவர்களின் புகழ்ப்பாட்டு, எதிரியைக் கொடியவனாகக் காட்ட அதற்குக் காரணம் உண்டு. இப்னு பதூதாவுக்கோ, மனைவி வழி உறவான சுல்தானைக் கொடியவன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒருவர் நூலை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லாத இரண்டு பேர், எதிரெதிர் முகாம்களிலிருந்து, கழுமரங்களைச் சொல்கிறார்கள். பயண நூலின் ஒரு பக்கத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அவர் பார்க்காததையும் சொல்ல வேண்டும். மதுரையைப் பற்றிய அவருடைய வர்ணனை சுருக்கம்: பெரிய நகரம், அகன்ற தெருக்கள், மாமனார் அதை டில்லி போல ஆக்கினார். அந்தப் பெரிய கோயிலைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஊர் மக்கள் என்ன பேசினார்கள், என்ன உண்டார்கள், யாரிடம் வரி கட்டினார்கள் என்பதும் இல்லை. பாளையத்துக்குள்ளிருந்து தெரிந்த தமிழகம் அவ்வளவுதான். அந்த ஊரில் அவர் கண்டது முக்கியமாகச் சாவு. கொள்ளைநோய் பரவியிருந்தது, நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். அவர் வாங்கிய ஒரு அடிமைப் பெண் மறுநாளே இறந்துபோனாள். சுல்தானும் அந்த நாட்களில் செத்தார். இவருக்கும் கடும் காய்ச்சல். அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிற்றுப்போக்கு, பிறகு குணம். எந்த எழுத்தரும் அலங்காரத்துக்காகச் சேர்க்கும் செய்தி அல்ல இது. புளிக்கரைசலைக் குடித்து மூன்று நாள் கிடந்தவர் மட்டுமே இதைச் சொல்ல முடியும். நூலில் எங்கே அவர் தன் உடம்போடு இருக்கிறார் என்று தேடினால் இப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும்.

மார்க்கோ போலோவுக்கு வந்தால் எழுத்தரின் கை இன்னும் கனமானது. 1298-ல் ஜெனோவா சிறையில் போலோ சொல்ல, கூட இருந்த கைதியான பைசா நகரத்து ருஸ்திசெல்லோ எழுதினார். அவர் ஆர்தர் மன்னர் வீரக்கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்த தொழில்முறைக் கதாசிரியர். பேரரசர்களே, மன்னர்களே என்று வாசகரை விளிக்கும் தொடக்கம், அவர் முன்பு எழுதிய வீரக்கதைத் தொகுப்பின் தொடக்கமேதான். மங்கோலியப் போர்க் காட்சிகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பதும் அவருடைய பாணி. ஆனால் மாபார் பகுதிக்கு வரும்போது ஒரு வியாபாரி பேசுகிறார். முத்துக்குளிக்கும் பருவம், சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலி, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதது, லாபம் குறையாதிருக்க லாடம் அடிப்பவர்களையே வியாபாரிகள் இங்கே வரவிடாதது. இந்தக் கணக்கெல்லாம் வீரக்கதை எழுதுகிறவருக்குத் தோன்றாது.

போலோ சீனாவுக்கே போகவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் சீன ஆவணத்திலேயே உண்டு. பாரசீகத்தை ஆண்ட அர்குனுக்கு மணப்பெண்ணை அழைத்துப்போன மூன்று தூதர்களோடு தான் கடல்வழி திரும்பியதாக அவர் சொல்கிறார், மூவர் பெயரையும் தருகிறார். யோங்லே கலைக்களஞ்சியத்தில் தப்பிய 1290-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றில் அதே மூவரின் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் மாபார் வழியாக அர்குனிடம் போவதாகவும் இருக்கிறது. 1941-ல் சீன ஆய்வாளர் யாங் ஜிஜியு இதை வெளிப்படுத்தினார். தூதர்களின் பெயரை ஒரு வெனிஸ் வியாபாரி வேறு எங்கிருந்து பெற்றிருப்பார்?

யுவான் சுவாங் விஷயத்தில் எழுத்தரே நேர்மைக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். 645-ல் அவர் சீனா திரும்பியதும் பேரரசர் தைசோங் மேற்கு நாடுகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். படை நடத்த நினைக்கும் அரசருக்கு வழியும் தூரமும் விளைச்சலும் தெரிய வேண்டும், நூலும் அந்த வரிசையில்தான் ஒவ்வொரு நாட்டையும் சொல்கிறது. பியான்ஜி என்ற இளம் துறவி எழுதி 646-ல் முடித்தார். குரு நேரில் போன நாட்டுக்கு ஒரு வினைச்சொல்லும் கேள்விப்பட்ட நாட்டுக்கு வேறொரு வினைச்சொல்லும் வைத்திருப்பதாகப் பின்னுரையில் அவர் அறிவிக்கிறார். 138 நாடுகளில் 110 பார்த்தவை, 28 கேட்டவை. காஞ்சிபுரம் பார்த்த பட்டியலில் வருகிறது: நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரம் துறவிகள். இலங்கை கேட்ட பட்டியலில். அரசர் இறந்து பஞ்சம் பரவியிருந்ததால் அங்கிருந்து முந்நூறு துறவிகள் காஞ்சிக்கு வந்துவிட்டார்கள், அவர்களிடம் விசாரித்ததோடு யுவான் சுவாங் நிறுத்திக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பார்த்ததையும் கேட்டதையும் இப்படிப் பிரித்து வைத்த ஒழுங்கு இப்னு ஜுஸையிடம் இருந்திருந்தால், பல்காரைப் பற்றிய சண்டையே வந்திருக்காது.

இப்னு பதூதாவை நம்பாதவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இதைத் தன் 'முகத்திமா' என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். டில்லி சுல்தான் மக்கள் மீது பொற்காசுகளை வாரி இறைத்த கதையைக் கேட்டு ஃபெஸ் அரசவையில் எல்லோரும் பொய் என்று முணுமுணுத்தார்கள். இளைஞரான கல்தூனும் அப்படியே நினைத்து, அமைச்சர் ஃபாரிஸிடம் சொன்னார். அமைச்சர் ஒரு கதை சொன்னார். தகப்பனோடு சிறையிலேயே வளர்ந்த பையன், ஆடு மாடு என்றால் என்ன என்று தகப்பனைக் கேட்கிறான். அவன் கண்ட ஒரே விலங்கு எலி. எவ்வளவு விளக்கினாலும் எல்லா விலங்கையும் எலி மாதிரியே கற்பனை செய்கிறான். நீ பார்க்காததால் மட்டும் மறுக்காதே என்று அமைச்சர் முடித்தார். கல்தூன் அதை ஏற்றுக்கொண்டு ஒரு திருத்தமும் சேர்க்கிறார்: நடக்கக்கூடியது எது, கூடாதது எது என்று ஒவ்வொன்றையும் அதன் இயல்பை வைத்து அளந்து பார். இந்த நூலை வாசிக்க 14-ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்த இந்த வழியைவிட மேலானது இன்னும் வரவில்லை.

அதன்பின் நூல் வடஆப்பிரிக்காவுக்கு வெளியே பெரிதாகப் பேசப்படாமல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியருக்குச் சுருக்கப் பிரதிகள் கிடைத்தன, 1829-ல் சாமுவேல் லீ அதை வைத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1830-ல் பிரான்ஸ் அல்ஜீரியாவைக் கைப்பற்றியபின் ஐந்து கையெழுத்துப் பிரதிகள் பாரிஸுக்குப் போயின. அவற்றில் ஒன்றின் பிற்பகுதி ஜுஸையின் கையெழுத்தாகவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தெஃப்ரெமெரி, சாங்கினெத்தி இருவரும் 1853-க்கும் 1858-க்கும் இடையே அரபு மூலத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். கிப் தொடங்கிய முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்த பின் பெக்கிங்ஹாமின் கையில் 1994-ல் நான்காம் தொகுதியோடு நிறைவடைந்தது.

புதிதாகப் படிக்க நினைப்பவர் முதல் தொகுதியில் தொடங்க வேண்டாம் என்பேன். அங்கே ஜுபைரின் டமாஸ்கஸும் ஷெய்க்குகளின் பட்டியலும் உங்களைச் சோர்வடையச் செய்துவிடும். நான்காம் தொகுதியை எடுங்கள். கோழிக்கோட்டுப் புயல், மாலத்தீவு, இலங்கை, மதுரை எல்லாம் அதில் இருக்கின்றன. பக்கத்தில் 'மதுரா விஜயம்' இருந்தால் இன்னும் நல்லது. டில்லிப் பகுதியைப் பிறகு படிக்கலாம், ஹஜ் பகுதியைக் கடைசியில். அந்த வரிசையில் போனால், டமாஸ்கஸ் பக்கங்களுக்கு வரும்போது எந்த வரி யாருடையது என்று காது தானே பிரித்துச் சொல்லிவிடும்.